கேம்ப்

“நாங்க கேம்ப்புக்குப் போறோம், பெரிய பாட்டி. நீங்களும் வாங்க.”

அக்கா மகன் இதைச் சொன்னபோது பாட்டி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மங்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எந்தக் கேம்ப்பு? யாருடா கூப்பிட்டா?”

யாரும் கூப்பிடவில்லை, பள்ளி விடுமுறைக்குக் கடற்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கப்போகிறோம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அக்கா, அத்தான், ஏழு வயதுப் பையன், நான். இடம், மஸ்ஜித் தானாவைத் தாண்டி பெங்காலான் பாலாக். பாட்டியின் முகம் தெளியவே இல்லை. “வீடு இருக்கும்போது எதுக்கு வெளியில போயி படுக்கணும்?” என்று கேட்டார்.

அப்போது எல்லாரும் சிரித்தோம். இரவு படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்தது. பாட்டிக்கு 88 வயது. அலோர் காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால் வெட்டி, அதே தோட்டத்தில் பிள்ளைகளைப் பெற்றவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளைப் பத்து விரலில் எண்ணிவிடலாம். அதில் ‘கேம்ப்’ ஒன்று. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குப் பையனோடு முதன்முதலாக வந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மூன்று முறை வந்து போயிருக்கிறது.

முதல் கேம்ப், பாட்டியின் அப்பா சொன்னது. சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணியோடு கிளம்பிய அவரைக் கப்பல் ஏறும்வரை ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். மலாயாவுக்கு ஆள் அனுப்ப ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அப்படிப்பட்ட முகாம்கள் இருந்தன. அங்கே கூட்டம் சேர்ப்பார்கள், அம்மை குத்துவார்கள், கங்காணியின் கணக்கைச் சரிபார்ப்பார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் இன்னொரு முகாம். பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரேஜாக் தீவு, கிள்ளானில் இறங்கியவர்களுக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம். நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். “கட்டியிருந்த துணிய உருவி ஆவியில போட்டாங்களாம். அப்பா ரொம்ப நாளு அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு” என்பார் பாட்டி. அவர் சிரித்தது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்கு இப்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

பொழுதுபோக்காகக் கூடாரம் போடும் பழக்கத்துக்கு அவ்வளவு வயது கிடையாது. இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சில பையன்களைக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்த சாரணர் முகாம் 1907 ஆகஸ்ட்டில் நடந்தது. பேடன் பவல் ராணுவக்காரர். தென்னாப்பிரிக்கப் போரில் மேஃப்கிங் முற்றுகையால் புகழ்பெற்றவர். கயிறு கட்டுவது, தீ மூட்டுவது, தடம் பார்ப்பது என்று படையில் பழகியதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக மாற்றிக் கொடுத்தார். அதே தென்னாப்பிரிக்கப் போரில்தான் பிரிட்டிஷ் ராணுவம் போயர் குடும்பங்களையும் கறுப்பினத்தவர்களையும் முள்வேலி முகாம்களில் அடைத்து, ஆயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் செத்துப்போனார்கள். ஒரே போரிலிருந்து இரண்டு வகைக் கேம்ப்புகள் வெளியே வந்தன.

அதே 1907இல் மலாயாவில் தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும் சேர்ந்து தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களைக் கப்பல் காசு கொடுத்துக் கொண்டுவருவதற்கான நிதி அது. இங்கிலாந்துப் பையன்களுக்குக் கூடாரம் சாகசமானபோதே, எங்கள் ஆட்களுக்குக் கேம்ப் என்பது வரிசையில் நிற்கும் இடமாகியிருந்தது.

இதையெல்லாம் பையனிடம் சொல்ல முடியுமா? அவன் பாட்டியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் பாட்டி, “சரி, நானும் வர்றேன். ஆனா கொட்டாயிக்குள்ள படுக்க மாட்டேன், காடியிலயே படுத்துக்கிறேன்” என்று ஒத்துக்கொண்டார்.

*

நாங்கள் இருப்பது பாச்சாங். பெங்காலான் பாலாக்குக்கு வேகமாகப் போக வேறு பாதை இருக்கிறது. பையன் கிளேபாங்கில் தேங்காய் ஷேக் குடித்தே ஆகவேண்டும் என்றதால் தெங்கேரா வழியாகக் கடலோரச் சாலையைப் பிடித்தோம். பொறியியல் படித்த எனக்கு இந்தச் சாலையின் வரலாறு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு இதில் சும்மா போக முடிவதில்லை.

தெங்கேரா, பழைய உப்பே பகுதியைச் சேர்ந்தது. சுல்தான் காலத்து மலாக்காவில் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் வெளியூர் வணிகர்கள் குடியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து ஒரு காற்றில் வந்தவர்கள் சரக்கை விற்று, மாற்றுச் சரக்கு வாங்கி, எதிர்க்காற்று வீசும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மலாக்கா என்ற ஊரே காற்றுக்காகக் காத்திருந்தவர்களின் கூடாரமாகத் தொடங்கியது என்று சொல்லலாம். மலாய்க்காரர்கள் இன்றும் கப்பலைக் கப்பால் என்கிறார்கள், கடையைக் கெடாய் என்கிறார்கள். அவர்கள் நாக்கில் அந்தச் சொற்களை விட்டுப் போனவர்கள் இந்தத் தமிழ் வணிகர்கள்.

அவர்களில் ஒருவர் போர்த்துகீசியப் பதிவுகளில் நீனா சத்து என்று வருகிறார். நயினார் என்ற நம் சொல்தான் நீனா ஆகியிருக்கிறது. 1511இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்த பிறகு இவரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார். 1514இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் நீனா சத்து தீ மூட்டி அதில் இறங்கினார். கடலோர மலாக்காவில் தமிழனுக்கு இவ்வளவு உயரமும் இருந்தது, அந்த உயரத்திலிருந்து ஒரு கையெழுத்தில் கீழே தள்ளவும் முடிந்தது. ஊருக்குள் பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. அதைக் கட்டிய மலாக்காச் செட்டிகள் தமிழை மறந்து மலாய் பேசுகிறார்கள், சாமியை மறக்கவில்லை.

ஷேக் குடித்து முடித்துக் கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டிலிருந்து சத்தம். “மாமா, அந்த போர்டுல கெட்ட வார்த்தை இருக்கு.”

தஞ்சோங் கிலிங் என்ற ஊர்ப் பெயர்ப் பலகை.

காடிக்குள் யாரும் பேசவில்லை. அந்த வார்த்தை அவனுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டாள். தாமான் விளையாட்டுத் திடலில் ஒரு பையன் சொன்னானாம். இரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் அது அவனுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குப் பத்து வயதில் வந்தது.

கலிங்கம் என்ற பெயரிலிருந்து கெலிங் வந்தது, இந்தக் கரைக்கு வந்த தென்னிந்திய வணிகர்களை அப்படிக் கூப்பிட்டார்கள், முதலில் அதில் வசை எதுவும் இல்லை, இந்த முனை அவர்கள் பெயரில் இருக்கிறது, டவுனில் 1748இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும் அப்படித்தான் என்று சொன்னேன். பையன் யோசித்தான். “அப்ப அந்தப் பையன் என்னைப் பெரிய வியாபாரின்னு சொன்னானா?” அத்தான் சிரித்துவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு சொல்லின் பழைய அர்த்தம் உண்மைதான். அதைக் கொண்டு திடலில் நிற்கும் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட முடியாது. வணிகர்களுக்குப் பின்னால் கூலிகளாக லட்சக்கணக்கானோர் வந்தார்கள். கூலிக்காரனைக் கூப்பிடும்போது எந்தச் சொல்லும் மதிப்பு இறங்கிவிடுகிறது. ஊர்ப் பெயரில் மரியாதை மிஞ்சியிருக்கிறது, வாயில் வசை மிஞ்சியிருக்கிறது.

அடுத்து சுங்கை ஊடாங். இடதுபக்கம் தெரெண்டாக் ராணுவ முகாம். 1950களின் கடைசியில் காமன்வெல்த் படைப்பிரிவுக்காகக் கட்டியது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இங்கே இருந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் உள்ளேயே இருந்தன. கடலும் பக்கத்திலேயே. இடுகாடும் உள்ளே இருக்கிறது. வியட்நாம் போரின் தொடக்க ஆண்டுகளில் செத்த சில ஆஸ்திரேலியச் சிப்பாய்களையும் இங்கேதான் புதைத்தார்கள். அவர்கள் குடும்பங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. 2016 ஜூனில் ஆஸ்திரேலிய அரசு முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, பெட்டிகளின் மேல் கொடி போர்த்தி, விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனது.

“பாட்டி, இதுவும் கேம்ப்தான்” என்று வேலியைக் காட்டினான் பையன். பாட்டி கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

*

அலோர் காஜாவிலிருந்து கடல் இருபது கிலோமீட்டர் சொச்சம். பாட்டி தன் வாழ்நாளில் எத்தனை முறை கடலுக்கு வந்திருப்பார் என்று காடியில் கணக்குப் போட்டோம். நான்கு முறை. நான்கும் அஸ்தி கரைக்க. மாமனார், மாமியார், தாத்தா, என் பெரியப்பா.

“சும்மா பாக்க வந்ததே இல்லயா?”

“சும்மா எதுக்குப் பாக்குறது? பால் மரம் சும்மா நிக்குமா?”

இந்தப் பதிலைப் புரிந்துகொள்ள ரப்பர் மரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் நட்டவர் மலாக்காக்காரர். டான் சே யான் என்ற சீன வணிகர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில். அங்கே தொடங்கி நாடு முழுவதும் பரவிய மரம் அது. அதன் குணம், விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இருட்டில் தலைவிளக்கோடு வெட்டி, வெயிலில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொட்டி, வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள், சமையல், விறகு. மறுநாள் திரும்பவும் ஐந்தரை. நாள் கூலி. போகாத நாளுக்குக் காசு கிடையாது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வார ஓய்வையும் பொது விடுமுறையையும் ஆண்டு விடுப்பையும் எழுதி வைத்தது. எழுத்தில் விடுப்பு இருந்தாலும் கையில் காசு இல்லாதவனுக்கு அது வேலையில்லாத இன்னொரு நாள்தான். என் கைப்பேசியில் மிச்சம் இருக்கும் விடுப்பு நாட்களைக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு விண்ணப்பித்தால் பத்து நிமிடத்தில் ஒப்புதல் வருகிறது. கடற்கரைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் இருபது கிலோமீட்டர் இல்லை, அந்த ஒப்புதல்தான்.

இங்கே நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தோட்டத்துச் சனங்கள் வெளியில் போய்ப் படுத்ததே இல்லை என்று எழுதினால் அது பொய். “மாசி மகத்துக்குப் போவோமே” என்றார் பாட்டி. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகம் மலாக்காவின் பெரிய திருவிழா. தோட்டத்து லோரியில் பாய், சட்டி, அரிசி மூட்டையோடு ஏறிப்போய், கோயில் வெளியில் சாக்கு விரித்து, அடுப்பு கூட்டி, ராத்திரி முழுக்கக் கண் விழித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு வருவார்களாம். பத்துமலைத் தைப்பூசமும் இப்படித்தான். கடலில் புலாவ் பெசார் தீவுக்கும் தர்காவை நாடிப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிற குடும்பங்கள் உண்டு. அதில் இந்துக்களும் இருந்தார்கள். ஆக, திறந்த வெளியில் சமைத்து உறங்கும் சந்தோஷம் நமக்கும் தெரியும். அதற்கு நாம் வைத்திருந்த பேர் திருவிழா. அதற்குச் சாமியின் அனுமதி இருந்தது, அதனால் துரையும் லோரி கொடுத்தான். வெறும் சந்தோஷத்துக்காக என்று லோரி கேட்டிருக்க முடியாது.

*

கூடாரம் அடிக்கும் வேலை என்னுடையது. மணலில் முளைக்குச்சி நிற்கவில்லை. இழுத்தால் கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்த ஒரு மலாய் பாக்சிக் சிரித்துக்கொண்டே வந்து, பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துக் காட்டினார். நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் விசைகளைப் பற்றிப் படித்தவன் நான்.

புரட்டாசி பிறந்து மூன்று நாள். கோழி சுட முடியாது என்று பையனுக்குக் கோபம். சோளமும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டு வந்திருந்தோம். இருட்டிய பிறகு தீ மூட்டிக் கிழங்கைச் சுட்டு, நீளமாகப் பிளந்து, பாட்டியிடம் நீட்டினான். பாட்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எனக்கு வேணாம்யா. நான் தின்ன வேண்டியதெல்லாம் அப்பவே தின்னுட்டேன்.”

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னால், கோயில் ஓரத்தில், எங்கே மண் தெரிகிறதோ அங்கெல்லாம் மரவள்ளி. மூன்றரை வருடம் அதையே தின்ற தலைமுறையில் பலர் பிறகு அதைத் தொடவில்லை. பாட்டியும் அப்படி என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

தீயைப் பார்த்துக்கொண்டே அவர் இரண்டாவது கேம்ப்பைச் சொன்னார். 1943. பாட்டிக்கு ஏழு வயது, இப்போது பையனின் வயது. தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொன்னார்கள். பாட்டியின் அப்பா பேர் கிராணி வாசித்த பட்டியலில் இருந்தது. அவர் கிளம்பும்போது சொன்ன கடைசி வார்த்தை, “கேம்ப்புல சோறு போடுவாங்களாம்.”

சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். சுமார் 60,000 கூட்டுப்படைக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக, பேர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சுமார் 90,000 ஆசியத் தொழிலாளர்கள் செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மழைக்காலத்தில், ஒழுகுகிற மூங்கில் கொட்டகையிலும் கிழிந்த கூடாரத்திலும், காலரா வந்தபோது அவர்களை எண்ணக்கூட ஆள் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களை நான் கல்லூரி விடுதியில் படித்தேன். படித்தபோது அது எங்கள் குடும்பக் கதை என்று தெரியாது. பாட்டி யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு பொறியாளனாக என்னை உறுத்துகிற ஒரு தகவல் உண்டு. மலாக்கா டவுனுக்குத் தம்பினிலிருந்து ஒரு ரயில் கிளை இருந்தது. ஜப்பானியர்கள் அதைப் பெயர்த்து, தண்டவாளங்களைச் சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. இன்றைக்கும் மலாக்கா டவுனில் ரயில் நிலையம் கிடையாது. புலாவ் செபாங்கில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும். மாணவனாக இருந்தபோது அந்தப் பஸ்ஸுக்காக எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். என் பூட்டனார் போன இடத்துக்கே எங்கள் ஊர்த் தண்டவாளமும் போயிருக்கிறது. இரண்டும் திரும்பி வரவில்லை.

மூன்றாவது கேம்ப்பைப் பாட்டி நேராகவே பார்த்தார். 1948இல் அவசரகாலம். 1950இல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்தில் இருந்த சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். பெரும்பாலும் சீனர்கள். தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, வாசலில் சோதனை. கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை. “சோத்த ஒளிச்சி வச்சிருக்கமான்னு கொண்டையக்கூடத் தடவிப் பாப்பாங்க” என்றார் பாட்டி. ஒரு பொட்டலம் சோறு கட்டிக்கொண்டு வெளியே கிளம்புவதே குற்றமாக இருந்த காலம். பிக்னிக் என்கிறோமே, சட்டப்படி அதுதான் அந்தக் குற்றம்.

1953 செப்டம்பர் 3ஆம் நாள் மலாயாவிலேயே முதன்முதலாக ஒரு நிலப்பகுதியை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தார்கள். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின. அது மலாக்காவில், இந்தக் கடலோரத்தை ஒட்டிய 200 சதுர மைலுக்கும் மேற்பட்ட இடம். பாட்டிக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியாது. ஒரு நாள் கேட்டில் தடவிப் பார்க்க ஆளில்லை என்பதுதான் நினைவு. “அன்னிக்கு என்ன செஞ்சீங்க?” என்று பையன் கேட்டான்.

“வேலைக்குப் போனேன். சோத்தத் தூக்கிக்கிட்டுப் போனேன்.”

*

பையன் கூடாரத்தில் தூங்கிவிட்டான். அத்தானும் அக்காவும் உள்ளே. நான் வெளியே பாயில். நீரிணையில் கப்பல் விளக்குகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. எந்நேரம் தூங்கினேன் என்று தெரியாது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

“எந்திரிடா. காத்து மாறிப்போச்சு. மழை வருது.”

காடியில் படுத்திருந்த பாட்டி. மணி மூன்றே முக்கால். எனக்கு எந்தக் காற்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கடலுக்கு மேல் மேற்கே மட்டும் ஓசையில்லாமல் மின்னல். “மண்ணு வாசம் வருது பாரு” என்றார். நான் பையனைத் தூக்கிக் காடியில் போடுவதற்கும், சில்லென்று முதல் காற்று அறைவதற்கும் சரியாக இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் கூடாரத்தின் ஒரு கம்பி ஒடிந்தது. மணல் மூட்டைகள் மூன்று பிடித்து நின்றன. நாலாவது, நான் அவசரத்தில் மேலாகப் புதைத்தது, பிடுங்கிக்கொண்டு பறந்தது. சட்டியில் மூடி வைத்திருந்த சோற்றுக்குள் மழை இறங்கியது. பாக்சிக் தன் தார்ப்பாயின் ஒரு முனையை எங்கள் காடிக் கதவில் கட்டி, இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே கூரையாக்கினார்.

இந்தக் காற்றுக்குப் பேர் சுமத்ரா. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ரா தீவுப் பக்கமும் நீரிணையிலும் திரளும் மேகம், ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து விடிவதற்கு முன் நம் கரையில் மோதும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். பழைய மாலுமிகளும் இதற்குப் பயந்தார்கள். வானிலைப் பக்கத்தில் இதைப் பற்றி எல்லாம் படித்திருந்தேன். வரும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“எப்படிப் பாட்டி தெரிஞ்சது?” என்று பையன் பல் நடுங்கக் கேட்டான்.

“நாலு மணிக்கு மழைன்னா மரம் நனையும். பட்ட ஈரமானா வெட்ட முடியாது. பாலு கோட்டுல நிக்காம வழிஞ்சி போயிரும். வேலையில்ல. வேலையில்லன்னா காசில்ல. நாப்பது வருசம் இந்தக் காத்துக்குக் காது குடுத்துக்கிட்டே தூங்கியிருக்கேன்யா.”

மழை நாளுக்குக் கூலி இல்லாததால்தான் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது. சங்கத்தின் கோரிக்கையாக அதைப் படித்தபோது எனக்கு அது ஒரு எண். கடலில் பிறந்த அந்தக் காற்று இருபது கிலோமீட்டர் உள்ளே வந்து பாட்டியின் ஒரு நாளைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது, வருடத்துக்கு எத்தனையோ முறை. கடலை அவர் பார்க்கவில்லையே தவிர, கடலை அறிந்தவர்.

*

விடிந்தபோது வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தண்ணீர் உள்வாங்கி, சேறும் மணலுமாகக் கரை நீண்டு கிடந்தது. பையன் ஒடிந்த கம்பியை வாளாக்கிக்கொண்டு நண்டு விரட்டினான். இதுதான் அவனுக்கு மறக்க முடியாத கேம்ப். புயல் வந்ததும் ராத்திரி காடியில் தூங்கியதும் இல்லாவிட்டால் இதில் என்ன இருக்கிறது?

பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம்வரை நடந்து போனார். பின்னாலேயே போனேன். அஸ்தி இல்லாமல் அவர் கடலுக்கு முன் நிற்பது இதுதான் முதல் தடவை.

“இந்தத் தண்ணி சயாமுக்குப் போகுமா?”

எனக்கு வரைபடம் தெரியும். குவாய் ஆறு காஞ்சனபுரியைத் தாண்டி மேக்லோங்கில் கலந்து தாய்லாந்து வளைகுடாவில் விழுகிறது. அது தீபகற்பத்துக்கு அந்தப் பக்கம். அதைச் சொன்னேன். சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், ரொம்பத் தூரம் என்றேன்.

“சுத்திக்கிட்டாவது போகுமில்ல?”

“போகும் பாட்டி.”

சட்டியை எடுத்துவரச் சொன்னார். மழையில் ஊறிப்போன சோற்றைக் கையால் பிழிந்து மூன்று உருண்டை பிடித்தார். ஐயர் இல்லை, எள் இல்லை, மந்திரம் இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். முதல் இரண்டும் கரைந்துபோயின. மூன்றாவதை ஒரு சின்ன அலை திரும்பக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. பாட்டி அதை எடுத்து இன்னும் நாலு அடி உள்ளே போய் விட்டார். எண்பது வருடத்துக்குப் பிறகு, கேம்ப்பில் சோறு போடுவார்கள் என்று சொல்லிப் போன மனிதருக்கு.

பையன் ஓடிவந்து, “பாட்டி, மீனுக்குச் சோறு போடுறீங்களா?” என்று கேட்டான்.

“ஆமாய்யா” என்றார்.

திரும்பும்போது தெரெண்டாக் வேலியைத் தாண்டினோம். தஞ்சோங் கிலிங் பலகை வந்ததும் பையன் அதைச் சத்தமாக, எழுத்துக் கூட்டி, வாசித்தான். இந்த முறை காடிக்குள் யாரும் அமைதியாகவில்லை. அடுத்த கேம்ப் எப்போது என்று அவன் கேட்டதற்குப் பாட்டிதான் பதில் சொன்னார். “புரட்டாசி முடியட்டும். கோழி சுடலாம்.”